சன்னமாக வைத்தாலும் நிறைவாகக் கேட்க: ஸ்டீரியோ கேள்வி பதில்

சிறிய அறையில், அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாத சத்தத்தில் பாட்டுக் கேட்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அறை 10க்கு 12 அடி. 5 அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், சேனலுக்கு 50 வாட் ஆம்ப்ளிஃபயர். பகலில் கச்சேரி கேட்டால் மிருதங்கம் முழுமையாக இருக்கிறது. இரவில் குழந்தை தூங்கிய பிறகு வால்யூமைக் குறைத்தால் வலது பக்கமான வலந்தலையின் சொற்கள் மட்டும் கேட்கின்றன. இடது பக்கமான தொப்பியின் ஆழ்ந்த கும்கியைக் காணோம். 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள், காசுதான் வீணாகும். இரவில் உங்கள் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவுள்ள ஸ்பீக்கர்கள் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 86 டெசிபல் சத்தம் தரும். இரவில் நீங்கள் வைப்பது 65 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 21 டெசிபல். ஒரு வாட்டில் 126இல் ஒரு பங்கு, அதாவது 8 மில்லிவாட் போதும். இப்போதிருக்கும் 50 வாட்டிலேயே ஏறக்குறைய முழுவதும் சும்மா கிடக்கிறது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வந்தாலும் அதே 8 மில்லிவாட்தான் செலவாகும்.

கும்கி ஸ்பீக்கரில் தொலையவில்லை, காதில் தொலைகிறது. சத்தம் குறையும்போது மனிதக் காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைத்துக் கேட்பதில்லை. தாழ்ந்த ஒலிகளைக் கூடுதலாக இழக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள். இன்று அதற்கு ஐ.எஸ்.ஓ. 226 என்ற உலகத் தர அளவீடு இருக்கிறது. அதன்படி, 1000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1000 அதிர்வு) ஒலி 40 டெசிபலில் எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறதோ, அதே அளவு தோன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 64 டெசிபலும் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 78 டெசிபலும் வேண்டும். சத்தம் கூடினால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். 1000 ஹெர்ட்ஸ் 80 டெசிபலில் இருந்தால், 100 ஹெர்ட்ஸுக்கு 92 டெசிபல் போதும். நீங்கள் பகலில் 80, இரவில் 60 என்று வைத்தால், வால்யூம் எல்லாவற்றையும் சமமாக 20 டெசிபல் குறைக்கிறது. காது மட்டும் 100 ஹெர்ட்ஸில் இன்னும் 6 டெசிபலும், 50 ஹெர்ட்ஸில் இன்னும் 8 டெசிபலும் குறைந்துவிட்டது போல உணர்கிறது.

போனதைப் போன அளவுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பகலில் உங்களுக்குப் பிடித்த வால்யூமில், உட்காரும் இடத்தில் ஒரு பாட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரவில் அதே பாட்டை, அதே இடத்தில் அளந்து பாருங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான். வித்தியாசத்தின் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் 100 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் கூட்டுங்கள். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் 6. ஈக்குவலைசரில் ‘லோ ஷெல்ஃப்’ (குறித்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை மொத்தமாகக் கூட்டும் வசதி) இருந்தால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வைத்து இதைக் கொடுக்கலாம். பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழ் மட்டும்தான் இருக்கிறதா? பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் அது முழுதாகத் திருப்பினால் 100 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் அளவுக்குக் கூட்டும். கடிகார முள் கணக்கில் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் நிறுத்துங்கள்.

டிரெபிளை (மேல் ஒலியை) தொடாதீர்கள். பேஸையும் டிரெபிளையும் இரண்டு பக்கமும் தூக்கி, நடுவைப் பள்ளமாக்கி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மேல் ஒலிகளில் காதின் உணர்வு, சத்தம் குறைந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் கூட்டினால் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் குத்தும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

வூஃபருக்கு ஆபத்து வருமோ என்ற பயம் இரவில் வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் போன 8 டெசிபலையும் திருப்பிக் கொடுத்தால்கூட அது ஆறு மடங்கு மின்திறன்தான். 8 மில்லிவாட் 50 மில்லிவாட் ஆகிறது, அவ்வளவுதான். காலையில் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால்தான் வம்பு. பேஸ் தூக்கிய நிலையிலேயே வால்யூமை ஏற்றினால் வூஃபரின் 5 அங்குலக் கோன் (ஆடும் கூம்பு) அதன் எல்லையைத் தொட்டு ‘டப் டப்’ என்று அடிக்கும். ஈக்குவலைசரில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அந்தப் பெட்டியால் அங்கே ஒலி எழுப்ப முடியாது. கோன் மட்டும் வீணாக ஆடும்.

கேள்வி: அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் ‘லவுட்னெஸ்’ பட்டன் உண்டு. அதை அமுக்கினால் சில நேரம் நன்றாக இருக்கிறது, சில நேரம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: மேலே சொன்ன அதே வேலையைத் தானாகச் செய்யத்தான் அந்தப் பட்டனை வைத்தார்கள். அந்தக் காலத்து வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து பார்த்தால் மூன்று காலுக்குப் பதில் நான்காவதாக ஒரு கால் இருக்கும். அதில் இணைத்த கண்டன்சரும் ரெசிஸ்டரும், குமிழ் கீழே இருக்கும்போது பேஸைக் கூட்டும். குமிழ் மேலே போகப் போக விட்டுவிடும். யோசனை நல்லது. ஆனால் குமிழ் எங்கே நிற்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும், உங்கள் காதில் எத்தனை டெசிபல் விழுகிறது என்பது தெரியாது. சிடி பிளேயர் போலச் சத்தமாக அனுப்பும் கருவியை இணைத்தால், குமிழ் அடியில் இருக்கும்போதே போதுமான சத்தம் வந்துவிடும். பட்டன் முழு பேஸையும் கொட்டும். போன் போல மெதுவாக அனுப்பும் கருவி என்றால் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். பட்டன் எதுவும் செய்யாது.

அதனால், கருவியின் அளவை மாற்றி ஒத்துப்போக வையுங்கள். பட்டனை அமுக்கிவிட்டு, குமிழை 10 மணி நிலையில் வைத்து, போனின் வால்யூமைக் கூட்டிக் குறைத்து உங்கள் இரவுச் சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். கொழகொழப்பு இருந்தால் போனைக் குறைத்து, குமிழைக் கூட்டுங்கள். ஒல்லியாக இருந்தால் அதற்கு நேர்மாறு.

யமஹாவின் பல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களில் பட்டனுக்குப் பதில் தனிக் குமிழ் இருக்கும். எங்கள் பார்வையில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. லவுட்னெஸ் குமிழை ‘ஃப்ளாட்’ நிலையில் வைத்து, நீங்கள் கேட்கும் அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை ஏற்றுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல், லவுட்னெஸ் குமிழைத் திருப்பியே சத்தத்தைக் குறையுங்கள். டெனான், மராண்ட்ஸ் ஏ.வி. ரிசீவர் வைத்திருப்பவர்கள் மைக் வைத்து ஆடிஸி என்ற அறை அளவீட்டை முடித்துவிட்டு, சத்தம் குறையும்போது பேஸைத் தானாகக் கூட்டும் ‘டைனமிக் ஈக்யூ’வை ஆன் செய்யலாம். அது சினிமாத் தியேட்டர் அளவை அடிப்படையாக வைத்தது. பாட்டுக்கு அப்படியே விட்டால் பேஸ் வழியும். ‘ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்’ என்ற இடத்தில் 10 அல்லது 15 டெசிபல் கொடுங்கள்.

கேள்வி: வால்யூம் குமிழை 8 மணி நிலையில் வைத்தால் இடது பக்கம் மட்டும் பாடுகிறது. துளி நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து சத்தமாகிவிடுகிறது. நடுவே ஒரு நிலையே இல்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோல் என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு கார்பன் தடங்கள். தடத்தின் தொடக்கத்தில் அவை இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த இடத்தில் பல டெசிபல் வித்தியாசம் வருவது சகஜம். 10 மணி நிலையைத் தாண்டினால் சரியாகிவிடும். எனவே குமிழைத் தாண்டவைக்கும் வழியைப் பார்க்க வேண்டும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து வயர் எடுக்கிறீர்கள் என்றால் போனின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தாலே போதும். குறைக்க முடியாத கருவி, உதாரணமாக சிடி பிளேயர் என்றால், இடையில் இரண்டு ரெசிஸ்டர் போடுங்கள்.

ஒரு சேனலுக்கு 10 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று. கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஆர்.சி.ஏ. பின்னைத் திறந்து, உள்ளே வரும் நடு வயரை வெட்டி 10 கிலோ ஓமைத் தொடராகப் போடுங்கள். அதன் மறுமுனையைப் பின்னின் நடு முனையில் சேர்த்து, அங்கிருந்து பின்னின் வெளி உலோகத்துக்கு 1 கிலோ ஓமைக் குறுக்கே போடுங்கள். சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காகும், அதாவது 21 டெசிபல் குறையும். அவ்வளவு வேண்டாம், 10 டெசிபல் போதும் என்றால் 1 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம். குறுக்கே போடும் ரெசிஸ்டர் 10 கிலோ ஓமைத் தாண்டி, ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சத்தம் குறையாது, பிளேயருக்குத்தான் சுமை ஏறும். ஒரு சேனலில் 1 சதவீத ரெசிஸ்டரும் மற்றொன்றில் மேசை டிராயரில் கிடந்த 10 சதவீத ரெசிஸ்டரும் போட்டால், சரிசெய்ய வந்த கோளாறே திரும்ப வரும்.

குமிழைத் திருப்பும்போது ‘கரகர’ என்று கேட்டால் அது வேறு நோய், தூசி. கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, முப்பது நாற்பது தடவை முழுதாகத் திருப்பிவிடுங்கள். கன்ட்ரோலையே மாற்றுவதானால் கடையில் ‘ஏ’ என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். ‘பி’ என்பது லீனியர் வகை. அதைப் போட்டால் முதல் கால் திருப்பிலேயே ஏறக்குறைய முழுச் சத்தமும் வந்து, சன்னமாக வைக்க இடமே இருக்காது.

கேள்வி: 10க்கு 10 அறை, உயரமும் 10 அடி. ஒரு சுவரில் இரும்பு பீரோ, எதிரே கட்டில். இடமில்லாததால் ஸ்பீக்கர்களை லாஃப்ட் மேல் வைத்திருக்கிறோம். குரல் எங்கிருந்தோ வருவது போல இருக்கிறது. எங்கே வைப்பது?
– வாசகி, மதுரை

பதில்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக உள்ள அறைதான் ஒலிக்கு ஆகவே ஆகாதது. சமாளிக்க முடியும், ஆனால் ஏன் என்று புரிந்துகொண்டு செய்தால் பாதி உழைப்பு மிச்சம்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில தாழ்ந்த ஒலிகள் மாட்டிக்கொண்டு நிற்கும். எது என்று அறிய 572ஐ அடிக் கணக்கில் உள்ள இடைவெளியால் வகுத்தால் போதும் (நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகத்தில் பாதி அது). 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். 12 அடி என்றால் 48. உங்கள் அறையில் மூன்று ஜோடிச் சுவர்களுக்கும் அதே 57தான். அதன் இரட்டிப்பான 114ம் அப்படியே. அந்த ஒரு சுருதி வந்தால் அறையே முனகும், மற்றவை மெலியும். இதில் நீங்கள் உட்காரும் இடமும் முக்கியம். அறையின் நட்டநடுவில் 57 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் கேட்காது. சுவரை ஒட்டினால் மிக அதிகமாகக் கேட்கும்.

சத்தமாகக் கேட்பவர்களுக்குச் சுவரை விட்டு விலகி உட்காரச் சொல்வோம். சன்னமாகக் கேட்கும் உங்களுக்கு அதே சுவர் உதவிக்கு வரும். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், காது இழக்கும் பேஸின் ஒரு பகுதியை அறையே திருப்பித் தந்துவிடுகிறது. ஆனால் தலைக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியோடு மோதிக் குரலைக் கெடுக்கும். 4 அங்குல கனத்துக்கு இலவம்பஞ்சுத் திண்டு ஒன்றைத் தலைக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

ஸ்பீக்கர்களை லாஃப்டிலிருந்து இறக்குங்கள். குரல் எங்கிருந்தோ வருவதற்குக் காரணம், ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்) உங்கள் தலைக்கு நாலைந்து அடி மேலே இருப்பதுதான். கட்டிலில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, ட்வீட்டர் அதே உயரத்தில் வரும்படி ஸ்டூல் அல்லது சுவர்ப் பலகை ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு ட்வீட்டர்களுக்கு நடுவே 4 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கு 4 அடி. சம பக்க முக்கோணம். பெட்டிகளை உங்கள் தோள்பட்டையைப் பார்க்கத் திருப்புங்கள். எட்டு அடி தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர் நாலடிக்கு வந்தால், ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும். சுவரில் அலைந்து வரும் ஒலி அப்படியே இருக்கும். வால்யூமைத் தொடாமலே குரல் தெளியும். சிறிய அறையில் காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு இடம் விடுவது? வூஃபரின் முன்பக்கத்திலிருந்து பின்சுவர் வரை அடியில் அளந்து, 286ஐ அதனால் வகுங்கள். அந்த ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை அழிப்பதால். 3 அடி விட்டால் 95 ஹெர்ட்ஸ், 2 அடி விட்டால் 143. மிருதங்கத்துக்கும் பேஸ் கிடாருக்கும் வேண்டிய இடத்திலேயே குழி. 1 அடி என்றால் 286க்குப் போய்விடும், அங்கே பஞ்சோ ராக்வூலோ (பாறை நார்ப் பலகை) வைத்து அடக்க முடியும். ஆகவே நாலடி முக்கோணத்துக்கு இடமில்லாமல் பெட்டிகளைச் சுவர்ப் பக்கம் வைக்க நேர்ந்தால், சுவரோடு ஒட்டி வைப்பதே மேல். பின்னால் பேஸ் துளை உள்ள பெட்டி என்றால், அந்தத் துளையின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும். அப்படியும் முனகினால் பழைய சாக்ஸைச் சுருட்டித் துளையில் செருகிப் பாருங்கள். பெட்டிகளை அறையின் இரண்டு மூலைகளிலும் திணிப்பது வேண்டாம். 57 ஹெர்ட்ஸ் முனகல் மூலையில்தான் அதிகம் கிளம்பும்.

இறக்கவே வழியில்லை என்றால், லாஃப்டிலேயே பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ட்வீட்டர் கீழே வரும்படி வையுங்கள். பின்புறம் கட்டை கொடுத்து முகம் உங்களைப் பார்க்கச் சாயுங்கள். கீழே விழாதபடி முன்னால் ஒரு தடுப்புச் சட்டம் அவசியம். பீரோ அதிர்கிறதா என்று சோதிக்க, போனிலிருந்து ஸ்பீக்கர்களில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். கைப்பிடியோ உள் தட்டோ அதிரும் இடத்தில் கையை வைத்தாலே தெரிந்துவிடும். அங்கே ரப்பர் வாஷர் போதும்.

கேள்வி: சப்வூஃபர் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் திரும்ப வருகிறது. ரிப்பேரா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ரிப்பேர் இல்லை. பின்னால் உள்ள சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருக்கிறது. வரும் சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அது தூங்கிவிடும். ‘ஆன்’ நிலைக்கு மாற்றுங்கள். அந்த நிலை இல்லாத மாடல் என்றால், ரிசீவரில் சப்வூஃபர் அளவை 6 டெசிபல் கூட்டி, சப்வூஃபரின் பின்னால் உள்ள கெயின் குமிழை அதே அளவு குறையுங்கள். காதில் விழும் சத்தம் மாறாது. உள்ளே போகும் சிக்னல் மட்டும் இரட்டிப்பாகும், விழித்திருக்கும்.

கேள்வி: சன்னமாக வைத்தால் பாட்டோடு ஒரு ‘ம்ம்ம்’ ஓசையும் ‘உஸ்’ஸும் கேட்கின்றன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கி அசெம்பிள் செய்த 4440 ஐ.சி. ஆம்ப்ளிஃபயர் போர்டு. லேப்டாப்பில் பாட்டு.
– வாசகர், சென்னை

பதில்: முதலில் வால்யூமை முழுதும் குறையுங்கள். அப்போதும் ‘ம்ம்ம்’ மாறாமல் இருந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள். பழைய பில்ட்டர் கண்டன்சர் காய்ந்திருக்கும். 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் போட்டிருந்தால், அதே 4700, 35 வோல்ட்டில் புதியது போடுங்கள். ப்ளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் பொறுத்து, மின்சாரம் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். இன்புட் வயர் டிரான்ஸ்பார்மர் பக்கம் போகிறதா என்றும் கவனியுங்கள். ஷீல்டு வயராக மாற்றி, கேபினெட்டின் மறு ஓரமாகக் கொண்டுபோனாலே 50 ஹெர்ட்ஸ் ஓசை அடங்கிவிடலாம்.

வால்யூமோடு சேர்ந்து ‘ம்ம்ம்’ கூடுகிறதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஸ்பைக் பஸ்டர் பலகையில் சொருகுங்கள். அதற்கும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். மலிவானவற்றில் உள்ளே இருக்கும் சிறிய டிரான்ஸ்பார்மர் பேஸைத் தின்றுவிடும், ஆகவே ப்ளூடூத் ரிசீவர் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். ஓசை போகும், உயிரும் போகலாம்.

ஃபேன் ரெகுலேட்டரையும் சந்தேகப்படுங்கள். நிற்காமல் திருகும் எலக்ட்ரானிக் டிம்மர் வகை, மின்சார அலையை நறுக்கி அனுப்புகிறது. அதனால் ஃபேன் மோட்டாரே முனகும். அந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபயரிலும் புகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் திரும்பும் கண்டன்சர் வகை ரெகுலேட்டர் மாற்றினால் இரண்டும் நிற்கும். ஃபேனையும் ஒரு படி குறைத்து வையுங்கள். அதன் காற்றோசைக்குக் கீழே இருக்கும் இசையை எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது.

‘உஸ்’ பற்றி: லேப்டாப்பின் வால்யூம் குறைவாகவும் ஆம்ப்ளிஃபயர் அதிகமாகவும் இருந்தால் இது கூடும். லேப்டாப்பை 80 சதவீதத்தில் வைத்து ஆம்ப்ளிஃபயரைக் குறையுங்கள்.

கேள்வி: எதிரொலியைக் குறைக்க முட்டை அட்டை ஒட்டலாமா? தெர்மோகோல்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ், மேல் ஒலியில் மட்டும் கொஞ்சம் மழுங்கடிக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். தெர்மோகோலுக்குள் காற்று புகாது, அதனால் ஒலியை உறிஞ்சாது. டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் உள்ள அறையில் நடுவே நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். ‘டிர்ர்ர்’ என்று நீண்டால் உறிஞ்சும் பொருள் வேண்டும் என்று அர்த்தம்.

2 அங்குல கனமுள்ள, கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் பலகையை இரண்டு அடுக்காக வைத்து, 4க்கு 2 அடி ரீப்பர் சட்டத்துக்குள் பொருத்துங்கள். மேலே மெல்லிய பாலியஸ்டர் பஞ்சுத் தாள், அதற்கு மேல் காடாத் துணி. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்சினோ பிளாஸ்டிக் பூசிய துணியோ போட்டால் ஒலி திரும்பிவிடும், உள்ளே இருக்கும் ராக்வூல் வீண். வேலை செய்யும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், நார் அரிக்கும். நான்கு சட்டங்கள் போதும். நீங்கள் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே ஒன்று, எதிர்ச்சுவரில் அதே போல ஒன்று. மற்ற இரண்டும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால். செலவு வேண்டாம் என்றால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்துவதும், ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணியில் தைத்த கனத்த திரையும் நிறையவே உதவும். கோரைப்பாய் அழகு, ஒலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: செயலியில் 45 டெசிபலுக்கு மேல் போவதில்லை. ஆனாலும் கீழ் வீட்டுக்காரர் ‘திம் திம்’ கேட்கிறது என்கிறார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: அவர் சொல்வது சரிதான். ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஆனால் அது ‘ஏ’ எடையில் அளப்பது. அந்த எடை 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். செயலியில், பேஸை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடைக்கு மாற்றி அளந்து பாருங்கள், திம் திம் தெரியும். சுவரும் தளமும் குரலை நிறுத்தும் அளவுக்கு பேஸை நிறுத்தாது.

சப்வூஃபரைத் தரையிலிருந்து எடுத்து, கனமான கல் பலகை மேல் வைத்து, பலகைக்கு அடியில் நான்கு மூலையிலும் மெத்தென்ற ரப்பர் கொடுங்கள். தரை வழியே இறங்கும் அதிர்வு குறையும். காற்று வழியே போவது அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க, சப்வூஃபரை எதிர்ச்சுவரிலிருந்து எடுத்து நீங்கள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், இரண்டடி தூரத்தில் வைத்து, கெயினைக் குறையுங்கள். உங்கள் காதுக்கு அதே பேஸ் கிடைக்கும், வீட்டுக்குள் மொத்தமாகப் பரவுவது குறையும். கிராஸ்ஓவரை (சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஆண் குரலே காலடியிலிருந்து வருவது போல இருக்கும். எல்லாம் முடிந்ததும் கீழ் வீட்டில் போய் நின்று ஒரு பாட்டு முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள். எந்தக் குமிழை எவ்வளவு குறைப்பது என்பதை அங்கே நின்றால்தான் முடிவு செய்ய முடியும்.

கேள்வி: மீட்டருக்கு 2000 ரூபாய் விலையுள்ள ஸ்பீக்கர் வயர் போட்டால் சன்னமான சத்தத்தில் பேஸ் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 3 மீட்டர் நீளம், போக வர 6 மீட்டர், மொத்த மின்தடை 0.07 ஓம். 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் நல்ல செப்பு வயரே போதும்.

ஆனால் வயரைக் கையில் எடுத்ததே நல்லது. ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறிக் கிடந்தால் இரண்டு வூஃபர்களும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடி, பேஸை அழித்துவிடும். குரலும் நடுவில் நிற்காது. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அந்தப் பக்கம் வயரைக் கழற்றி, அதன் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் ப்ளஸ், ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகும் வயரில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி. ஒன்று உள்ளே போனால் அந்தப் பக்கம் வயரை மாற்றிப் போடுங்கள்.